களிமண் வெடிப்பும் இரண்டாம் எண் தட்டும்

என் மேசைமேல் ஆறு எஃகுத் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் சதுரம். ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றிக் காய்ந்த சேறு. எட்டிப் பார்க்கிறவர்கள், "ஒரு வருஷமா இதைத்தான் பண்றியா?" என்று கேட்பார்கள். ஆமாம். சேற்றைக் கரைத்து ஊற்றுவேன், காயவிடுவேன், அது வெடிப்பதைப் படம் எடுப்பேன், மறுபடி நனைப்பேன், மறுபடி காயவிடுவேன். நடுவில் கொஞ்சம் பாக்டீரியா.

நான் படித்தது மண் பொறியியல். எங்கள் கூட்டத்துக்கு மண் என்றால் கனிமத் துகள், தண்ணீர், காற்று, அவ்வளவுதான். அதில் உயிரோடு ஏதாவது இருந்தால் அது சோதனையைக் கெடுக்க வந்த குப்பை. எந்த மாதிரி வந்தாலும் 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்த பிறகுதான் மற்ற பேச்சு. அப்படி வளர்ந்தவளிடம் என் வழிகாட்டி ஒரு நாள், "பாக்டீரியாவை வெச்சுக் களிமண் வெடிப்பைக் குறைக்க முடியுமான்னு பாரும்மா" என்றார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாக்டீரியாவை பாட்டிலில் தருவார்களா, பொட்டலத்தில் தருவார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் வெடிப்பையே ஒழுங்காகப் பார்க்க வேண்டியிருந்தது. காய்ந்து முடிந்த பிறகுதான் களிமண் வெடிக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தட்டின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த அன்று அந்த நினைப்பு போனது. சேற்றின் மேல் இருக்கும் பளபளப்பு மெல்ல மறையும். விரலால் தொட்டால் இன்னும் ஒட்டும். துளைகளில் தண்ணீர் கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். அந்த நிலையிலேயே முதல் கீறல் ஓடிவிடுகிறது.

மேலே தண்ணீர் ஆவியாகப் போகப் போக, துகள்களுக்கு நடுவில் இருக்கும் நீர்ப்பரப்பு உள்பக்கமாக வளைகிறது. வளைந்த நீர் பக்கத்துத் துகள்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. துளை சிறுக்கச் சிறுக்க இழுப்பு கூடும். களிமண்ணின் துளைகளோ மிகமிகச் சிறியவை. மண் சுருங்கப் பார்க்கிறது, அடியில் இருக்கும் தட்டு அதைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. திறந்த நிலத்தில் தட்டின் வேலையை அடியில் இருக்கும் ஈரமண் செய்கிறது. இழுப்பு எங்கே மண்ணின் பலத்தை மிஞ்சுகிறதோ அங்கே துணி மாதிரிக் கிழிகிறது. வெடிப்பு என்று சொல்கிறோமே தவிர, நடப்பது கிழிசல்தான்.

முதல் கீறல் நீளமாக ஓடும். அடுத்து வருவது அதில் போய்ச் செங்குத்தாக முட்டி நிற்கும். முதல் கீறலின் ஓரத்தில் அதற்குக் குறுக்கான இழுப்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது, அதன் நீளவாக்கில் இருக்கும் இழுப்பு மட்டும்தான் பாக்கி. அதனால்தான் அந்தச் செங்கோணம். ஆனால் அதே மண்ணைப் பலமுறை நனைத்துக் காயவிட்டால், இந்த முட்டுச்சந்துகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மூன்று பக்கமும் 120 டிகிரியில் பிரியும் சந்திகளாக மாறும். இதற்கும் என் ஆராய்ச்சிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பார்க்க அழகாக இருக்கும், அதனால் சொன்னேன்.

எல்லாக் களியும் ஒரே மாதிரி வெடிக்காது. கயோலினைட் என்ற களிக்கனிமத்தில் ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். மான்ட்மோரில்லோனைட்டில் அது 800 சதுர மீட்டர் வரை போகும். அதன் ஏடுகள் ஒவ்வொன்றும் ஒரு நானோமீட்டர் கனம்தான்; ஏட்டுக்கு ஏடு நடுவில் தண்ணீர் புகுந்துகொள்ளும். நனைந்தால் ஊதும், காய்ந்தால் ஒடுங்கும். கரிசல் மண் கோடையில் கால் சிக்கும் அளவுக்குப் பிளப்பதற்குக் காரணம் இந்தக் குடும்பத்துக் கனிமங்கள்தான். என் தட்டில் இருப்பது கயோலினைட்டோடு கொஞ்சம் சோடியம் பெண்டோனைட், அதாவது மான்ட்மோரில்லோனைட் மிகுந்த களி, கலந்தது. வெடிக்க வேண்டும், ஆனால் சிதறக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கலந்த கலவை.

வெடித்தால் என்ன, மழை வந்தால் மூடிக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. குப்பைக் கிடங்குகளின் அடியில் களிமண்ணை இறுக்கிப் பரப்புவார்கள். அது கசியவிடும் வேகம் நொடிக்கு ஒரு நானோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பல நாடுகளில் இருக்கும் வரம்பு. வருடக் கணக்கில் பார்த்தால் சுமார் 3 சென்டிமீட்டர். அதே களியில் ஒரு கோடைக்கு வெடிப்பு விட்டால் தண்ணீர் அந்தக் கணக்கையெல்லாம் பார்க்காது, பிளவில் இறங்கி ஓடிவிடும். ஏரிக்கரை, கால்வாய்க்கரை, சாலைச் சரிவு எல்லாவற்றிலும் இதே கதைதான். மழை வந்தால் மேலே மூடிக்கொள்வது உண்மை. ஆனால் உள்ளே அந்தத் தழும்பு பலவீனமாகவே இருக்கும். அடுத்த கோடையில் அதே இடத்தில் பிளக்கும். இந்த "அதே இடத்தில்" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, பாக்டீரியா. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்று பெயர். பழைய புத்தகங்களில் பாசில்லஸ் பாஸ்டியூரி. குச்சி வடிவம், மண்ணில் வாழ்வது, நோய்க்கிருமி அல்ல. காரம் மிகுந்த சூழல் இதற்குப் பிடிக்கும், பி.எச். 9 என்றால் சந்தோஷமாக வளரும். இதனிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளம். யூரியாவைக் கொடுத்தால் அந்த நொதி அதை உடைத்து அம்மோனியமும் கார்பனேட்டும் ஆக்கும். பக்கத்தில் கால்சியம் இருந்தால் கார்பனேட் அதோடு சேர்ந்து கால்சைட் படிகமாகப் படியும். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கால்சைட். பாக்டீரியாவின் செல்சுவரில் எதிர்மின்னூட்டம் உண்டு, அதனால் கால்சியம் அங்கேயே வந்து ஒட்டும். படிகம் அதன் உடம்பிலேயே தொடங்கும். கடைசியில் தன்னைச் சுற்றித் தானே சமாதி கட்டிக்கொள்கிறது, பாவம்.

யூரியேஸுக்கு ஒரு கௌரவமான வரலாறு இருக்கிறது. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் ஒரு வகை அவரை விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஒரு நொதியைப் படிகமாக்கியது அதுதான் முதல் முறை. நொதி என்பது புரதம்தான் என்று அதை வைத்து வாதாடினார். பல வருடம் நம்பாதவர்கள் இருந்தார்கள். 1946-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அப்புறம் 1973-இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. மண் பாக்டீரியாக்கள் கால்சைட் உண்டாக்குவது பொதுவான நிகழ்வு என்பதுதான் அதன் தலைப்பே. ஆக, நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மண் பல காலமாகச் செய்துகொண்டிருப்பதைக் கொஞ்சம் அவசரப்படுத்துகிறேன்.

மணலில் இந்த வேலை நன்றாக ஓடியிருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் பாசனும் அவர் கூட்டாளிகளும் 100 கன மீட்டர் மணலில் செய்த சோதனையை 2010-இல் வெளியிட்டார்கள். பாக்டீரியாவையும் கரைசலையும் மணலுக்குள் செலுத்தி, தளர்ந்த மணலைக் கல்போல் கட்டிவைத்தார்கள். அதைப் படித்துவிட்டு நானும் துள்ளிக் குதித்தேன். ஆனால் மணல் வேறு, களி வேறு. இந்த பாக்டீரியாவின் உடம்பு அரை மைக்ரானுக்கு மேல், மூன்று மைக்ரான் வரை. களித்துகள் என்று நாங்கள் சொல்வதே இரண்டு மைக்ரானுக்குக் கீழே இருப்பதை. அப்படியானால் அந்தத் துகள்களுக்கு நடுவில் இருக்கும் துளை எவ்வளவு இருக்கும்? வீட்டைவிட விருந்தாளி பெரியவன். வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், உள்ளே வர முடியாது.

இதை நான் முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பாக்டீரியா வளர்க்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்து நுண்ணுயிரியல் ஆய்வகத்து அக்கா. ஈஸ்ட் சாறு லிட்டருக்கு 20 கிராம், அம்மோனியம் சல்ஃபேட் 10 கிராம், பி.எச். 9-க்கு ட்ரிஸ் தாங்கல் கரைசல். மூன்றையும் தனித்தனியாக ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமிகளைக் கொல்லும் பாத்திரத்தில், வைத்து எடுத்து, ஆறிய பிறகு கலக்க வேண்டும். 30 டிகிரியில் குலுக்கியில் வைத்தால் மறுநாள் குடுவை கலங்கியிருக்கும். இவ்வளவும் சரியாகச் செய்தேன். அடுத்து, சுத்தமாக இருக்கட்டும் என்று யூரியாக் கரைசலையும் ஆட்டோகிளேவில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் வந்த நெடியில் கண்ணில் தண்ணீர். அந்தத் தளம் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். "யூரியாவையா ஆட்டோகிளேவ்ல போட்டே?" என்று அக்கா கேட்டதில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. 121 டிகிரியில் யூரியா தானாகவே உடைந்து அம்மோனியாவைக் கக்கும். நுண்துளை வடிகட்டியில் வடிப்பதுதான் முறை. உடைக்க பாக்டீரியாவை வைத்துக்கொண்டு நான் அடுப்பை வைத்து உடைத்திருந்தேன்.

இரண்டாவது தப்பு, தெளிப்பானில். பாக்டீரியாவையும் யூரியா-கால்சியம் கரைசலையும் ஒரே பாட்டிலில் கலந்தால் வேலை சுளுவாக முடியும் என்று நினைத்தேன். பாதித் தட்டு தெளிப்பதற்குள் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொருக்கு. மண்ணை ஒட்டவைக்கத் தயாரித்தது தெளிப்பானை ஒட்டவைத்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பாட்டில். முதலில் பாக்டீரியா, சில மணி நேரம் கழித்துக் கரைசல். பாக்டீரியா மண்ணில் ஒட்டிக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும்.

தெளிப்பதற்கு முன்னால் சேற்றிலேயே கலந்து பார்த்த கதையும் உண்டு. வாசலில் நிற்பவனை வீடு கட்டும்போதே உள்ளே வைத்துவிட்டால் என்ன என்ற யோசனை. யோசனை மோசமில்லை. ஆனால் கால்சியம் குளோரைடு பட்டதும் சேறு திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. களித்துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிட்டன. ஊற்றினால் பரவவில்லை. வெறும் சேற்றோடு அதை எப்படி ஒப்பிடுவது? பாக்டீரியா வேலை செய்ததா, திரிந்ததால் வந்த மாற்றமா என்று பிரிக்க முடியவில்லை. அந்த வழியை விட்டுவிட்டு மேலே தெளிப்பது என்று முடிவு செய்தேன். அன்று அந்தத் திரிந்த சேறு எனக்கு ஒரு குறிப்பு கொடுத்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி கணக்கு. ஒரு தட்டுக்கு 200 மில்லி கரைசல். அதில் யூரியா 6 கிராம், கால்சியம் குளோரைடு 11.1 கிராம். வினை கடைசிவரை நடந்தால் கிடைக்கும் கால்சைட் 10 கிராம். தட்டின் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். கால்சைட்டின் அடர்த்தி 2.71. எல்லாம் ஒரே சீராகப் படிந்தால் கனம் 0.04 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் பாதி. இவ்வளவு மெல்லிய ஏடு ஒரு சென்டிமீட்டர் களியின் சுருக்கத்தைத் தடுத்துவிடும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நம்பினேன்.

ஏனென்றால் முதல் முடிவு அப்படி இருந்தது. ஒரு தட்டில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் பாக்டீரியாவும் கரைசலும். விளக்கு வெளிச்சத்தில் காயவிட்டேன். தண்ணீர்த் தட்டு வழக்கம்போல் பாளம் பாளமாகப் பிளந்து, ஓரங்கள் மேலே சுருண்டு நின்றது. பாக்டீரியாத் தட்டில் மெல்லிய கோடுகள்தான். படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வழிகாட்டிக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு அனுப்பியதற்குக் காலையில் ஒரு வரி பதில்.

"உப்பு மட்டும் போட்ட தட்டு எங்கம்மா?"

எங்கேயும் இல்லை. நான் போடவே இல்லை.

அந்த ஒரு வரிதான் அடுத்த ஆறு மாதத்துக்கும் எனக்கு வேலை. தட்டுகளுக்கு எண் எழுதி ஒட்டினேன். 1-இல் தண்ணீர். 2-இல் யூரியாவும் கால்சியம் குளோரைடும், பாக்டீரியா இல்லை; அவர் கேட்ட தட்டு இதுதான். 3-இல் பாக்டீரியா மட்டும். 4-இல் இரண்டும். 5-இல் ஆட்டோகிளேவில் கொன்ற பாக்டீரியாவோடு கரைசல். எல்லாவற்றிலும் ஒரே கலவை, ஒரே கனம், ஒரே விளக்கு, தெளித்த திரவத்தின் அளவும் ஒன்றே.

இரண்டாம் தட்டு என்னை ஏமாற்றியது என்று சொல்லமாட்டேன், நான்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பாக்டீரியாவே இல்லாத அந்தத் தட்டிலும் வெடிப்பு குறைந்திருந்தது. முதல் சுற்றில் இரண்டுக்கும் நாலுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் தட்டும் அதே வரிசையில்தான் நின்றது. மூன்றாம் தட்டு தண்ணீர்த் தட்டைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே.

உட்கார்ந்து யோசித்தால் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. என் பெண்டோனைட் சோடியம் வகை. கால்சியம் வந்ததும் ஏடுகளுக்கு நடுவில் இருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். கால்சியம் பிடித்த ஏடுகள் அவ்வளவு தண்ணீரை வாங்குவதில்லை, அதனால் அவ்வளவாக ஊதுவதுமில்லை, ஒடுங்குவதுமில்லை. சேற்றைத் திரியவைத்ததும் இதே கால்சியம்தான். அது போதாதென்று கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் உப்பு. ஈரத்தை இழுக்கும் பொட்டலங்களில் போடும் அளவுக்கு. தராசுக் குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் தட்டு மற்றவற்றைவிட மெதுவாகத்தான் எடை இழந்திருந்தது. மெதுவாகக் காய்ந்த மண் மெதுவாக வெடிக்கும். நான் "முடிந்தது" என்று படம் எடுத்த நேரத்தில் அது முடிந்திருக்கவே இல்லை.

படம் எடுத்ததிலும் ஒரு ஓட்டை. வெடிப்பை அளக்க நாங்கள் செய்வது எளிமையான காரியம். ஒரே உயரத்திலிருந்து படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கறுப்புப் புள்ளிகளை எண்ணி, மொத்தத்தால் வகுப்பது. வெடிப்புக்குள் இருட்டு, அதனால் கறுப்பு. கால்சைட்டோ வெள்ளை. வெடிப்பின் ஓரத்திலும் உள்சுவரிலும் வெள்ளை படிந்தால் புள்ளி எண்ணும் கணினி நிரலுக்கு அந்த வெடிப்பு உள்ளதைவிடக் குறுகலாகத் தெரியும். மண்ணுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வெடிப்பு குறைந்தது என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தேன். அதிலிருந்து, ஒவ்வொரு தட்டிலும் இருபது இடம் குறித்துவைத்து, கனம் தெரிந்த மெல்லிய தகடுகளை வெடிப்பில் செருகி அகலத்தைக் கையால் அளக்கிறேன். முதுகு வலிக்கும் வேலை. ஆனால் தகட்டை வெள்ளை நிறம் ஏமாற்றாது.

உப்பைப் பிரிக்க ஒரு வழிதான் தெரிந்தது, கழுவுவது. எல்லாத் தட்டிலும் தண்ணீர் நிரப்பி, ஊறவைத்து, சாய்த்து வடித்தேன். மூன்று தடவை. கரையும் உப்பு போகட்டும், கரையாத கால்சைட் இருக்கட்டும். அப்புறம் காயவிட்டேன். இந்தச் சுற்றில்தான் இரண்டும் நாலும் பிரிந்தன. இரண்டாம் தட்டு நன்றாகவே பிளந்தது. தண்ணீர்த் தட்டு அளவுக்கு இல்லை, ஏனென்றால் ஏடுகளுக்குள் போய் உட்கார்ந்த கால்சியம் கழுவினால் போவதில்லை. நாலாம் தட்டு அதைவிடக் குறைவாகப் பிளந்தது. வித்தியாசம் என் முதல் படத்தில் இருந்தது மாதிரி ஆளை மயக்குவதாக இல்லை. ஆனால் தகட்டில் தெரிந்தது, திரும்பச் செய்தபோதும் தெரிந்தது. பாக்டீரியாவின் பங்கு என்று நான் தைரியமாகச் சொல்லக்கூடியது அந்த மிச்சம்தான்.

அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்க நாலாம் தட்டிலிருந்து ஒரு பாளத்தைப் பெயர்த்து, கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் சொட்டுச் சொட்டாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். கால்சைட் இருந்தால் நுரைக்கும். மேற்பரப்பில் நுரைத்தது, எதிர்பார்த்ததுதான். பாளத்தின் நடுவில் ஒன்றுமே இல்லை, அதுவும் எதிர்பார்த்ததுதான். ஆனால் பக்கவாட்டில், அதாவது பழைய வெடிப்பின் சுவராக இருந்த பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை சீராக நுரைத்தது. அன்று ஆய்வகத்தில் யாரும் இல்லை. இன்னொரு பாளத்தைப் பெயர்த்தேன், அதிலும் அப்படியே. இன்னொன்று. எட்டுப் பாளம் பெயர்த்த பிறகுதான் நிறுத்தினேன், தட்டே நாசம்.

பாக்டீரியா நுழையமுடியாத மண்ணில் அது நுழையக்கூடிய ஒரே தெரு வெடிப்புதான். களித்துளையோடு ஒப்பிட்டால் வெடிப்பு நெடுஞ்சாலை. தெளித்தது எல்லாம் அதில் இறங்கி, சுவரில் ஒட்டி, அங்கேயே கல்லாகிறது. நான் அதுவரை வெடிப்பு வராமல் தடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், முழுசான மேற்பரப்பில் தலைமுடியின் பாதிக் கனத்துக்கு ஏடு போட்டுக்கொண்டு. வெடிக்கவிட வேண்டும். வெடித்த பிறகு தெளிக்க வேண்டும். அப்போது அந்த 10 கிராமும் 900 சதுர சென்டிமீட்டருக்குப் பரவாமல், எங்கே பலவீனமோ அங்கே போய்ச் சேரும்.

இது எனக்கு மட்டும் தோன்றிய ஞானம் இல்லை. சீனாவின் நாஞ்சிங் பல்கலைக்கழகத்தில் சாவ்-ஷெங் தாங் குழுவினர் களிமண் வெடிப்பைப் பல வருடமாகப் பார்த்துவருகிறவர்கள். நனைத்துக் காயவிடும் சுற்றுகளுக்கு நடுவில் இதே சிகிச்சையைக் கொடுத்து வெடிப்பு எப்படிக் குறைகிறது என்று 2020-இல் அவர்கள் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அதை நான் முன்பே படித்திருந்தேன், அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அமிலம் நுரைக்கும்வரை அந்த வரி எனக்குப் புரிந்திருக்கவில்லை.

பாக்டீரியாவை விட்டுவிட்டு யூரியேஸ் நொதியை மட்டும் பிரித்துத் தெளிக்கலாம் என்றொரு வழியும் இருக்கிறது. நொதி சில நானோமீட்டர் அளவுதான், பாக்டீரியா போகாத துளையில் அது போகும். சோயா போன்ற விதைகளிலிருந்து அதை எடுக்கலாம். நான் இன்னும் தொடவில்லை. ஒரு விருந்தாளியையே சமாளிக்க முடியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. மேலே சொன்ன கணக்கில் பாதியை மறைத்துவிட்டேன். 10 கிராம் கால்சைட் வரும்போது கூடவே 10.7 கிராம் அம்மோனியம் குளோரைடும் வரும். பசையைவிடக் கழிவு அதிகம். ஒரே ஒரு முறை தெளிப்பதை ஒரு ஹெக்டேருக்கு விரித்தால் கால்சைட் 1.1 டன், அம்மோனியம் குளோரைடு சுமார் 1.2 டன். அதில் நைட்ரஜன் மட்டும் 300 கிலோவுக்கு மேல். அது நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீருக்குப் போகும், ஏரிக்கரை என்றால் ஏரிக்கே போகும். பி.எச். 9-க்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றிலும் கிளம்பும். எங்கள் ஆய்வகத்து நாசிகள் சாட்சி. கருத்தரங்குகளில் இந்த முறையைப் பசுமையானது என்று அறிமுகப்படுத்தும்போது எனக்குக் கால் கூசுகிறது. சிமெண்டோடு ஒப்பிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள். யூரியா எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை வைத்துத்தான் அம்மோனியா செய்து, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். முழு நிலத்துக்கும் தெளிக்கிற யோசனையை நான் கைவிட்டதற்கு அமிலம் ஒரு காரணம் என்றால் இந்தக் கணக்கு இன்னொன்று. வெடிப்பில் மட்டும் ஊற்றினால் அளவு எவ்வளவோ குறையும். கழுவிய நீரைப் பிடித்து அம்மோனியத்தைப் பிரிக்கவும் முறைகள் இருக்கின்றன. தட்டைச் சாய்த்துப் பிடித்துவிடலாம், ஏரிக்கரையை எப்படிச் சாய்ப்பது என்றுதான் தெரியவில்லை.

அதனால் ஆறாம் தட்டு. இதில் மேற்பரப்பைத் தொடுவதில்லை. நன்றாக வெடிக்கவிட்டு, வெடிப்புக்குள் மட்டும் பிப்பெட்டால் பாக்டீரியா, சில மணி நேரம் கழித்துக் கரைசல். காயவிடு, கழுவு, நனை, காயவிடு, புதிதாகப் பிளந்த இடத்தில் மறுபடி ஊற்று. தெளித்தபோது செலவானதில் கால்பங்கு திரவம்கூடப் போகவில்லை. இரண்டாம் தட்டுக்கும் அதே முறையில், அதே வெடிப்புகளுக்குள், பாக்டீரியா இல்லாத கரைசல். இப்போதெல்லாம் இரண்டாம் தட்டு இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை.

மூன்று சுற்று வரை ஆறாம் தட்டின் வெடிப்புகள் பழைய இடத்திலேயேதான் பிளந்தன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறுகலாக, அங்கங்கே பாலம் மாதிரி வெள்ளை இணைப்புகளோடு. போன வாரம் நாலாவது சுற்று காய்ந்தது. காலையில் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோது நடுவில் இருந்த பெரிய வெடிப்பு மூடியே இருந்தது. வெள்ளைத் தழும்பு ஒன்று கோடாக நின்றது. அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாக, தொடாத மண்ணில் புதிதாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டாம் தட்டுல?"

"பழைய இடத்துலயேதான் சார் பிளந்திருக்கு."

"சரி" என்றார். "இன்னும் மூணு தட்டு ஊத்து."

இன்று காலை ஊற்றினேன். பளபளப்பு இன்னும் போகவில்லை.